சொல்லக் கூசும் காயங்கள்

மரத்திலிருந்து விழுந்து கை முறிந்தவன், கட்டுப் போட்டுக்கொண்டு ஊர் முழுவதும் நடக்கிறான். எந்தக் கிளை ஒடிந்தது, எப்படி விழுந்தான், யார் தூக்கினார்கள் என்பதைக் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறான். அதே மரத்திலிருந்து விழுந்து கவட்டில் அடிபட்டவனோ வீட்டுக்குள் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். தாய் கேட்டால் காய்ச்சல் என்கிறான். மனைவி கேட்டால் வயிற்றுவலி என்கிறான். இரண்டு நாள் கழித்து, சிறுநீர் இறங்காமல் அடிவயிறு உப்பி, தொடைக்கு நடுவே கறுத்து வீங்கிய பிறகு, நாலு பேர் தூக்கிக்கொண்டு வரும்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. மருத்துவத்தால் எளிதில் ஆற்றியிருக்கக்கூடிய காயத்தை வெட்கம் ஆறாத காயமாக்கி விடுகிறது.

சிறுநீர் செல்லும் பாதையிலும் பிறப்புறுப்புகளிலும் விபத்தால் நேரும் காயங்களைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன். இது அவையில் பேசத் தகாத பொருள் என்று சிலர் கருதலாம். ஆயினும் வானொலிக்கு ஒரு நன்மை உண்டு. பேசுகிறவன் கேட்கிறவர் முகத்தைப் பார்ப்பதில்லை. கேட்கிறவரும் தலை குனிய வேண்டியதில்லை. ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்கிறேன்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் படிப்பை முடித்துப் பயிற்சி மருத்துவனாக இருந்த காலம். ஒரு மருத்துவமனையில் இரவுப் பணி. பத்து மணி அளவில் ஒரு கொத்தனாரை அழைத்து வந்தார்கள். சாரத்தின் மேல் நின்று பூச்சு வேலை செய்தவர் கால் வழுக்கி, கீழே குறுக்காகக் கட்டியிருந்த சவுக்குக் கட்டையின் மேல், குதிரையில் ஏறினவரைப் போல, இரு காலும் இரு புறமாக விழுந்திருக்கிறார். விழுந்தது காலையில், வந்தது இரவில். "நீர் இறங்கவில்லை, ஐயா" என்று மட்டும் சொன்னார். ஆண்குறியின் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் நின்றது.

நீர்க்கட்டு என்றால் ரப்பர்க் குழாய் செலுத்தி நீரை இறக்க வேண்டும் என்பது நான் படித்த பாடம். குழாயை எடுத்தேன். அந்த வார்டில் பல ஆண்டுகள் ஊழியம் செய்த பெரியவர் ஒருவர் அருகில் நின்றார். "இரத்தம் நிற்குதுங்களே, பெரிய டாக்டருக்குச் சொல்லி அனுப்பலாமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். எனக்கு அது அவமதிப்பாகப் பட்டது. ஒரு முறை செலுத்தினேன், தடுத்தது. இரண்டாம் முறை சற்று அழுத்தினேன். மூன்றாம் முறை குழாய் உள்ளே போயிற்று. ஆனால் வந்தது நீரன்று, இரத்தம். குழாய் உரிய வழியை விட்டு, கிழிசலின் வழியாகச் சதைக்குள் புகுந்திருந்தது.

பெரிய டாக்டர் வந்தார். அடிவயிற்றில் சிறு துளை இட்டு, அதன் வழியே சிறுநீர்ப்பைக்குள் ஒரு குழாய் வைத்து நீரை இறக்கினார். என்னை ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. ஒரு காகிதத்தை எடுத்துப் படம் வரைந்தார். பாதி கிழிந்து பாதி ஒட்டியிருக்கும் ஒரு குழாய். பக்கத்தில் முழுவதும் அறுந்த ஒரு குழாய். "இது ஆறிவிடக் கூடியது, இது ஆறாதது. இதை அதுவாக மாற்ற ஒரு ரப்பர்க் குழாய் போதும்" என்றார். அந்தக் காகிதம் இன்றும் என்னிடம் இருக்கிறது. கொத்தனாரின் கதையை முடிவில் சொல்கிறேன்.

உடலின் நீர்ப்பாதை எப்படி அமைந்திருக்கிறது என்பதை இப்போது நினைவுபடுத்திக்கொள்வோம். முதுகுப்புறத்தில், கடைசி விலா எலும்புகளின் மறைவில், இரு சிறுநீரகங்கள் இருக்கின்றன. அவை வடிக்கும் நீர், இரு மெல்லிய குழல்கள் வழியாக அடிவயிற்றிலுள்ள சிறுநீர்ப்பைக்கு வருகிறது. பையிலிருந்து வெளியே செல்லும் வழியைச் சிறுநீர்த்தாரை என்கிறோம். பெண்களுக்கு அது ஏறக்குறைய நாலு சென்டிமீட்டர் நீளமே உடையது. ஆண்களுக்கு இருபது சென்டிமீட்டர் அளவு நீண்டு, இடுப்பெலும்பின் அடியில் வளைந்து வருகிறது. நீளமும் வளைவும் உள்ள காரணத்தால் அது ஆண்களிடத்தில் எளிதில் அடிபடுகிறது.

நம் முன்னோர் இந்த இடங்களின் அருமையை அறிந்திருந்தனர். வர்ம நூலார் அடிவயிற்றையும் விரையையும் உயிர்நிலைகளில் வைத்து எண்ணினர். சுசுருதர், சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்தெடுக்கும் முறையைச் சொல்லுமிடத்தில், கத்தி படலாகாத எட்டு இடங்களைத் தனியே குறித்து எச்சரிக்கிறார். விதைக்குச் செல்லும் நாளமும், நீர் செல்லும் வழியும், சிறுநீர்ப்பையும் அவற்றுள் அடங்கும்.

சிறுநீர்த்தாரையின் காயம் இரு வகை. கொத்தனாருக்கு நேர்ந்தது முதல் வகை. சைக்கிளின் குறுக்குக் கம்பி, வேலிக் கம்பு, கிணற்றின் கைப்பிடிச் சுவர் ஆகியவற்றின் மேல் கவடு பட விழும்போது, நீர்த்தாரை மேலே இடுப்பெலும்புக்கும் கீழே கம்பிக்கும் நடுவில் நசுங்குகிறது. கசிந்த இரத்தமும் சிறுநீரும் தோலின் அடியில் பரவிக் கவட்டிலும் விரைப்பையிலும் கறுத்த வீக்கமாகத் தோன்றும். இரண்டாவது வகை, சாலை விபத்திலும் உயரத்திலிருந்து விழும்போதும் இடுப்பெலும்பு வளையம் முறிந்து, சிறுநீர்ப்பைக்குச் சற்றுக் கீழே நீர்த்தாரை அறுபடுவது. இது மிகக் கொடியது. இடுப்பெலும்பு முறிவால் உள்ளே ஏராளமான இரத்தம் சேரும். அதுவே முதலில் உயிரைப் பறிக்கும். ஆகவே இரத்தப்போக்கை அடக்குவதும், மூச்சையும் நாடியையும் நிலைநிறுத்துவதும் முதற்கடன். நீர்த்தாரை அதற்கு அடுத்ததே.

நீர்த்தாரைக் காயத்துக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. நுனியில் இரத்தம், நீர் கழிக்க உந்துதல் இருந்தும் கழிக்க இயலாமை, அடிவயிற்றில் தொட்டால் தெரியும்படி பை புடைத்திருத்தல். இவற்றைக் கண்டால் முதலில் ஓர் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நுனியிலிருந்து எக்ஸ்ரேயில் தெரியும் மருந்தைச் சிறிது சிறிதாகச் செலுத்திப் படம் பிடித்தால், வழி முழுமையாக இருக்கிறதா, பாதி கிழிந்திருக்கிறதா, முழுதும் அறுந்துவிட்டதா என்பது தெரிந்துவிடும். அனுபவம் மிக்கவர் ஒரே ஒரு முறை, மிக மெதுவாக, குழாய் செலுத்தி முயலலாம் என்பது இன்றைய கருத்து. தடை தட்டினால் அந்தக் கணமே நிறுத்திவிட வேண்டும். அடுத்த வழி, என் ஆசிரியர் செய்ததுபோல் அடிவயிற்றின் வழியே குழாய் வைப்பதுதான்.

வாய்க்காலின் கரை உடைந்தால் உழவர் என்ன செய்கிறார்? ஓடுகிற வெள்ளத்தில் நின்று மண்ணைக் கொட்டுவதில்லை. மேலே உள்ள மதகைத் திறந்து நீரை வேறு பக்கம் திருப்பிவிடுகிறார். கீழே சேறு உலர்ந்து மண் இறுகிய பிறகு கரையைக் கட்டுகிறார். நாங்களும் அதையே செய்கிறோம். அடிவயிற்றில் வைத்த குழாய் எங்கள் மதகு. இடுப்பெலும்பு முறிவால் அறுந்த நீர்த்தாரையானால், பெரும்பாலும் மூன்று மாதம் காத்திருந்து, வீக்கமும் இரத்தக்கட்டும் கரைந்து தழும்பு முதிர்ந்த பிறகு, தழும்பை வெட்டி நீக்கி, நல்ல முனைகள் இரண்டையும் சேர்த்துத் தைக்கிறோம். அந்த மூன்று மாதமும் வயிற்றில் குழாயோடு இருப்பது துன்பந்தான். ஆனால் அவசரப்பட்டுச் செய்த அறுவையின் துன்பம் ஆயுள் முழுதும் தொடரும்.

அடுத்து, சிறுநீர்ப்பை. காலியாக இருக்கும் பை, இடுப்பெலும்புகளின் நடுவில் மடிந்து பாதுகாப்பாக இருக்கிறது. நிறைந்த பையோ, நீர் நிறைந்த தோற்சால் போல விம்மி, வயிற்றுக்குள் எழும்பி நிற்கிறது. அப்போது வயிற்றில் விழும் ஓர் உதை, மோதும் ஒரு ஸ்டியரிங், அதன் உச்சியைக் கிழித்துவிடக் கூடும். நெடுந்தூரப் பேருந்திலோ காரிலோ செல்வோர், குறிப்பாக மது அருந்தியவர், நீரை அடக்கிக்கொண்டு பயணம் செய்வது இந்த ஆபத்துக்கு வழிவகுக்கும். உச்சி கிழிந்தால் நீர் குடலைச் சூழ்ந்த வயிற்றறைக்குள் கொட்டுகிறது. தேங்கிய நீர் மீண்டும் இரத்தத்தில் கலப்பதால், சிறுநீரகமே கெட்டுவிட்டது போல இரத்தப் பரிசோதனை காட்டும். இதற்கு வயிற்றைத் திறந்து பையைத் தைப்பது ஒன்றே வழி. இடுப்பெலும்பு முறிந்து, பையின் அடிப்பகுதியில் வயிற்றறைக்கு வெளியே கிழிந்தால், பெரும்பாலும் கத்தி தேவையில்லை. ஃபோலி என்னும் அமெரிக்க மருத்துவர் 1930-களில் வழக்கத்துக்குக் கொண்டுவந்த, நுனியில் சிறு பலூன் உள்ள குழாயைப் பையில் வைத்து, பத்துப் பதினாலு நாள் நீரை வடியவிட்டால், கிழிசல் தானே மூடிக்கொள்கிறது. எலும்பின் கூர் முனை பையைக் குத்தி நின்றாலோ, பையின் கழுத்து கிழிந்திருந்தாலோ அறுவை தேவைப்படும்.

இனிச் சிறுநீரகம். இதன் வரலாறு கவனிக்கத் தக்கது. 1869-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஹைடல்பர்க் நகரில் குஸ்தாவ் சிமோன் என்ற அறுவை மருத்துவரிடம் ஒரு பெண்மணி வந்தார். அதற்கு முன் நடந்த ஓர் அறுவையின்போது அவருடைய சிறுநீர்க் குழல் ஒன்று அறுபட்டு, நீர் ஓயாமல் கசிந்துகொண்டிருந்தது. குழலைச் சீர்செய்யும் முயற்சிகள் பலிக்கவில்லை. ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டால் மனிதன் பிழைப்பானா என்பது அன்று எவருக்கும் உறுதியாகத் தெரியாது. சிமோன் முதலில் நாய்களிடம் சோதித்துப் பார்த்து, ஒன்று போதும் என்று கண்டபின், அந்தப் பெண்ணின் ஒரு சிறுநீரகத்தை அகற்றினார். அவர் பிழைத்துப் பல ஆண்டுகள் வாழ்ந்தார். சிறுநீரகத்தைத் திட்டமிட்டு அகற்றிய முதல் வெற்றி அது.

அதன்பின் நெடுங்காலம், அடிபட்ட சிறுநீரகத்தைத் திறந்து பார்ப்பதும், திறந்தால் எடுத்துவிடுவதும் பெருவழக்காக இருந்தது. இன்று நாங்கள் கற்றிருப்பது நேர்மாறான பாடம்: பொறுத்திரு. சிறுநீரகத்தைச் சுற்றி இறுக்கமான உறையும் கொழுப்பும் இருக்கின்றன. கசியும் இரத்தம் அங்கேயே அடைபட்டு, அதன் அழுத்தமே கசிவை நிறுத்திவிடுகிறது. 1989-இல் அமெரிக்க அறுவை மருத்துவர்கள் சிறுநீரகக் காயத்தை ஐந்து படிகளாகப் பிரித்தார்கள். வெறும் கன்றல் முதற்படி. சிதறிப்போவதும், இரத்தக் குழாயோடு பிய்ந்துபோவதும் ஐந்தாம் படி. முதல் மூன்று படிகளில் உள்ளோர் ஏறக்குறைய எல்லோரும், நாலாம் படியில் உள்ளோர் மிகப் பலரும், நாடியும் இரத்த அழுத்தமும் நிலையாக இருக்குமானால், கத்தி இல்லாமலே குணமடைகிறார்கள். படுக்கையில் ஓய்வு, அடிக்கடி நாடியைப் பார்த்தல், இரத்தத்தின் அளவைச் சோதித்தல், சிறுநீரின் நிறத்தைக் கவனித்தல் ஆகியவையே சிகிச்சை. இரத்தம் நில்லாமல் கசிந்தால், தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியே நுண்குழாயைச் செலுத்தி, கசியும் கிளையை மட்டும் அடைத்துவிடலாம். சிறுநீர் கசிந்தால், சிறுநீர்க் குழலில் ஸ்டென்ட் என்னும் மெல்லிய குழாயை வைத்து வழி செய்யலாம். நோயாளியின் நிலை சரிந்துகொண்டே போகும்போதுதான் கத்தியை எடுக்கிறோம்.

சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் எவரும் அஞ்சுவர். அஞ்சி உடனே வருவது நல்லதே. ஆனால் சிவப்பின் ஆழத்தைக் கொண்டு காயத்தின் ஆழத்தை அளக்க முடியாது. ஒரு மில்லிலிட்டர் இரத்தம் ஒரு லிட்டர் நீரை நிறம் மாற்றிவிடும். மறுபுறம், உயரத்திலிருந்து விழுந்த வேகத்தில் சிறுநீரகம் தன் குழலிலிருந்தே பிய்ந்துபோனால், கழிக்கும் நீர் தெளிவாகவே இருக்கலாம். ஆகவே கண்ணை மட்டும் நம்பாமல், இரத்தத்தில் மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன் படத்தை நம்புகிறோம். மருந்து ஏறியவுடன் ஒருமுறையும், அது சிறுநீரோடு வடியும்போது சில நிமிடம் கழித்து மற்றொரு முறையும் படம் எடுத்தால்தான் நீர்க்கசிவு தெரியும்.

குழந்தைகளைப் பற்றித் தனியே ஒரு சொல். சிறுவனின் உடலளவுக்குச் சிறுநீரகம் பெரியது. அதைச் சூழ்ந்த கொழுப்புக் குறைவு. விலா எலும்புகள் முற்றாதவை. மாட்டின் உதையும், மரத்திலிருந்து விழுதலும், கைப்பிடிக் கம்பி வயிற்றில் குத்திய சைக்கிள் விபத்தும் அவர்களுக்கு எளிதில் காயம் விளைவிக்கும். சிறுவன் விலாப்புறம் வலிக்கிறது என்றால், அடித்துவிடுவார்கள் என்று பயந்து விழுந்ததை மறைக்கிறானா என்று அன்போடு கேளுங்கள்.

குணமாகி வீடு திரும்பியவரும் இரண்டு செய்திகளை நினைவில் வைக்க வேண்டும். முதல் சில வாரங்களில் கனமான வேலையும் விளையாட்டும் கூடா. நின்ற இரத்தம் மீண்டும் வரலாம். அடிபட்ட சிறுநீரகம் பின்னாளில் சிலருக்கு இரத்த அழுத்தத்தை உயர்த்தக்கூடும். அதனால் அவ்வப்போது இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும்.

சிறுநீர்க் குழல்களைப் பற்றி மிகுதியாகச் சொல்ல வேண்டியதில்லை. அவை உட்புறத்தில் ஒதுங்கியிருப்பதால் விபத்தில் அரிதாகவே அடிபடுகின்றன. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்: அவற்றுக்கு நேரும் காயங்களில் பெரும்பகுதி எங்கள் கத்தியால் நேர்வதே. கருப்பையை எடுக்கும் அறுவையில் அதன் பக்கத்திலேயே குழல் செல்கிறது. அறுவைக்குப் பின் பெண்ணுக்கு ஓயாமல் நீர் கசிந்தாலோ, விலாப்புறத்தில் வலியும் காய்ச்சலும் வந்தாலோ, "அறுவை செய்தால் அப்படித்தான் இருக்கும்" என்று எவர் சொன்னாலும் கேட்காமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காலத்தில் கண்டால் சீர்செய்ய முடியும்.

இப்போது பிறப்புறுப்புகளுக்கு வருவோம். விரையில் அடிபட்டால் வலி உச்சந்தலை வரை ஏறும். சிறிது நேரத்தில் தணிந்துவிடுவது வழக்கம். தணியாமல் விரைப்பை வீங்கி, உள்ளே இருப்பது கைக்குத் தெரியாமல் போனால், விரையின் உறை கிழிந்திருக்கலாம். ஒலியலைகளைக் கொண்டு படம் எடுக்கும் ஸ்கேன் அதைக் காட்டும். சந்தேகம் தீராவிட்டால் திறந்து பார்ப்பதே நன்று. முதல் மூன்று நாட்களுக்குள் தைத்தால் விரையைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். பிறகு அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது. மற்றொரு கொடிய நோய், அடியின் பெயரால் ஏமாற்றும். சிறுவன் பந்து பட்டது என்கிறான். உண்மையில் விரை தன் கயிற்றில் முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றிருக்கும். இதற்கு ஆறு மணி நேரமே கெடு. இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

ஆண்குறியில் எலும்பு இல்லை. எனினும் அது முறியும் என்று மருத்துவ நூல் சொல்கிறது. விறைத்த நிலையில் திடீரென வளையும்போது உள்ளுறை கிழிகிறது. சடக்கென்ற ஒலி, கடும் வலி, உடனே விறைப்பு நீங்குதல், கறுத்த வீக்கம் என்பன அதன் குறிகள். சொல்ல வெட்கப்பட்டு வாரக்கணக்கில் மறைத்தவர்கள் வளைந்த உறுப்போடும் ஆண்மைக் குறையோடும் வருகிறார்கள். மறுநாளுக்குள் வந்து தைத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் முழு நலத்தோடு திரும்புகிறார்கள். எப்படி நேர்ந்தது என்பதை மருத்துவர் கேட்பது காயத்தை அறியவே. எவரையும் இகழ்வதற்கு அன்று.

கிராமத்தில் நான் மிகவும் அஞ்சும் காட்சி ஒன்று உண்டு. கதிரடிக்கும் இயந்திரத்தின் பெல்ட்டிலோ, சுழலும் தண்டிலோ வேட்டி சிக்கிக்கொள்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தில் துணியோடு பிறப்புறுப்பின் தோலும் உரிந்துபோகிறது. நல்லவேளையாக உள்ளுறுப்பு பெரும்பாலும் பிழைத்திருக்கும். சுத்தமாகக் கழுவி, தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்டினால், உறுப்புத் தன் வேலையைச் செய்யும். ஆயினும் இயந்திரத்தின் முன் நிற்கும்போது வேட்டியை விட்டு அரைக்கால் சட்டை அணிவதும், பெல்ட்டுக்கு மூடி போடுவதும் எந்த அறுவையினும் சிறந்த மருத்துவம். மாட்டுக் கொம்பு கிழித்த காயம் வெளியே சிறிதாகத் தோன்றினாலும் உள்ளே வயிறு வரை சென்றிருக்கலாம். வீட்டில் கட்டுப் போட்டு விடக் கூடாது. நாய் கடித்தால் சோப்பும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்கு உடனே செல்ல வேண்டும்.

பெண்களுக்கு நேரும் காயங்களும் உண்டு. விழுந்து அடிபட்ட இடத்தில் இரத்தம் கட்டி வீங்கி, நீர் கழிக்க இயலாமற் போகலாம். பிரசவம் நாட்கணக்கில் தடைப்பட்டால், குழந்தையின் தலை அழுத்திச் சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் நடுவே ஓட்டை விழும். அந்தப் பெண் நீர் ஒழுகுவதால் வீட்டின் மூலையில் ஒதுக்கப்படுகிறாள். அது சாபமன்று, காயம். அறுவையால் மூடக் கூடியது. வன்செயலால் காயமுற்ற பெண்ணுக்கும் குழந்தைக்கும் அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையும் உடனே இலவசச் சிகிச்சை தர வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டு முதல் நாட்டின் சட்டம். காவல் நிலையத்துக்குப் போய்விட்டு வா என்று திருப்பி அனுப்பும் உரிமை எவருக்கும் இல்லை.

விபத்து நேர்ந்த இடத்தில் செய்யத் தக்கவை சிலவே. இரத்தம் வடிந்தால் தூய துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். கயிற்றால் இறுகக் கட்டாதீர்கள். குத்தி நிற்கும் கம்பையோ கம்பியையோ பிடுங்காதீர்கள். அதுவே இரத்தத்தை அடைத்துக்கொண்டிருக்கலாம். பச்சிலை, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் பூசாதீர்கள். கவட்டில் அடிபட்டவரை, "முக்கிப் பார், நீர் வரும்" என்று வற்புறுத்தாதீர்கள். உறுப்பு அறுந்து விழுந்தால் அதை எறிந்துவிடாமல், உப்பு நீர் மருந்தில் நனைத்த தூய துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி உள்ள மற்றொரு பையில் வைத்துக் கொண்டுவாருங்கள். பனிக்கட்டி நேராகத் தசையில் படக் கூடாது. சில மணி நேரத்துக்குள் வந்தால், நுண்ணிய இரத்தக் குழாய்களையும் இணைத்துத் தைக்கும் கலை இன்று இருக்கிறது. சிறுவனின் தோல் கால்சட்டை ஜிப்பில் சிக்கினால் இழுக்காதீர்கள். எண்ணெய் விட்டுப் பாருங்கள். விடாவிட்டால் மருத்துவர் ஜிப்பின் நடுப்பாலத்தை வெட்டி எளிதில் விடுவிப்பார்.

தமிழ்நாட்டில் 2008 முதல் 108 என்ற எண்ணில் ஆம்புலன்ஸ் கிடைக்கிறது. சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கும் திட்டத்தையும் அரசு 2021-இல் தொடங்கியது. ஆகவே பணமில்லை என்பது தாமதத்துக்குக் காரணமாக வேண்டியதில்லை. எஞ்சி நிற்பது வெட்கம் ஒன்றே.

நோயாளிகள் என்னிடம் மெல்லிய குரலில் கேட்கும் கேள்விகள் சில உண்டு. ஒரு சிறுநீரகத்தோடு வாழ முடியுமா? மற்றது நலமாக இருந்தால் முடியும். ஒரு விரை போனால் குழந்தை பிறக்குமா? மற்றது நலமாக இருந்தால் பிறக்கும். இடுப்பெலும்பு முறிந்தபின் ஆண்மை திரும்புமா? பலருக்குக் காலப்போக்கில் திரும்புகிறது. திரும்பாதவர்க்கும் மருந்து உண்டு. இந்தக் கேள்விகளை நோயாளி கேட்காவிட்டாலும் நாங்களே சொல்ல வேண்டும் என்பதை நான் மெதுவாகக் கற்றேன். கணவனும் மனைவியும் ஒன்றாக அமர்ந்து கேட்பது இன்னும் நல்லது.

கொத்தனாரின் கதையை முடிக்கிறேன். அவருடைய நீர்த்தாரையில் விழுந்த தழும்பு சுருங்கிச் சுருங்கி வழியை அடைத்தது. சில மாதங்களுக்கு ஒருமுறை அவர் வருவார், நான் கம்பி விட்டு வழியை அகலப்படுத்துவேன், வலியோடு திரும்புவார். இப்படிப் பல ஆண்டுகள். என் பிழையால் வந்தது இது என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். "கட்டை செய்ததை நீங்கள் ஏன் உங்கள் தலையில் போட்டுக்கொள்கிறீர்கள், ஐயா?" என்றார். அந்தப் பெருந்தன்மை என் பாரத்தைக் குறைக்கவில்லை.

பின்னர், கன்னத்தின் உட்புறச் சவ்வை எடுத்து நீர்த்தாரையில் ஒட்டுப் போடும் முறை நம் நாட்டிலும் பரவியது. எப்போதும் ஈரமாயிருந்து பழகிய சவ்வு அது. நீர் படும் இடத்தில் நன்றாகப் பிழைக்கிறது. ஆனால் புகையிலை மென்றவரின் கன்னம் தடித்து இறுகி, ஒட்டுக்கு உதவாமற் போய்விடும். இதை அவரிடம் சொன்னேன். இருபது ஆண்டுப் பழக்கத்தை அவர் அன்றே விட்டார். அடுத்த ஆண்டு, அந்தக் கலையில் தேர்ந்த என் நண்பர் அறுவை செய்தார். நான் துணை நின்றேன். மூன்று வாரம் கழித்துக் குழாயை எடுத்தோம். கொத்தனார் கழிப்பறைக்குள் சென்றார். நான் தாழ்வாரத்தில் நின்றேன். வெளியே வந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வலியில்லாமல் போயிற்று, ஐயா" என்றார்.

நாம் ஒருநாளைக்குப் பலமுறை நினைவே இல்லாமல் செய்யும் ஒரு செயல் அது. அதைத் திரும்பப் பெற அவருக்கு அத்தனை ஆண்டுகள் ஆயின. அன்று காலையே அவர் வந்திருந்தால், அன்றிரவு நான் பெரியவர் சொன்னதைக் கேட்டிருந்தால், சில வாரங்களில் முடிந்திருக்கும். நேயர்களே, உங்களில் எவருக்கேனும், உங்கள் மகனுக்கேனும் மகளுக்கேனும், இத்தகைய காயம் நேருமானால், கை முறிந்ததைச் சொல்வது போலவே இதையும் சொல்லுங்கள். இளம் மருத்துவர்கள் எவரேனும் கேட்டுக்கொண்டிருந்தால் அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: நுனியில் ஒரு சொட்டு இரத்தம் கண்டால், கையிலுள்ள குழாயைக் கீழே வையுங்கள்.